சோறு வடிப்பதும் பகுத்தறிவும்

(வாலிபர் சங்க ஆண்டு விழாக் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவு)



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட விஷயத்தை நோட்டீசில் பார்த்துவிட்டுச் சில தோழர்கள் சிரித்ததாகக் கேள்விப்பட்டேன். "சாமியையும் சாதியையும் சடங்கையும் பற்றிப் பேச வேண்டியவர் அடுப்பங்கரைக்குள் நுழைந்துவிட்டாரே, இனி குழம்புக்கு உப்புப் போடுவது எப்படி என்று பேசுவாரோ" என்று கேலி செய்தார்களாம். செய்யட்டும். ஆனால் நான் ஒன்று கேட்கிறேன். கோயிலுக்கு நம்மில் பலர் வருஷத்துக்கு இரண்டு தடவை போகிறோம், சிலர் போவதேயில்லை. சோறோ நாள் தவறாமல் தின்கிறோம். வருஷத்துக்கு இரண்டு தடவை செய்யும் காரியத்தில் அறிவைச் செலுத்த வேண்டும் என்று சொல்லும் நாம், தினம் இரண்டு மூன்று வேளை செய்யும் காரியத்தில் செலுத்த வேண்டாமா? அறிவு என்பது மேடைக்கு வரும்போது துண்டைப் போல் தோளில் போட்டுக்கொண்டு வந்து, வீட்டுக்குப் போனதும் ஆணியில் மாட்டி வைக்கிற சாமானா?

நான் பெரிய படிப்புப் படித்தவனல்ல. எட்டாம் வகுப்போடு நின்றவன். எனக்குத் தெரிந்ததெல்லாம் வாசகசாலையிலும் பிறரைக் கேட்டும் கற்றதுதான். ஆகையால் நான் சொல்வதை "இவர் சொன்னார்" என்பதற்காக ஒப்புக்கொள்ளாதீர்கள். கணக்குச் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள்.

என் பிழை

முதலில் ஒரு பிழையை ஒப்புக்கொள்கிறேன். போன வருஷம் இதே பந்தலில் நான் பேசியபோது, "கஞ்சியை வடித்துக் கொட்டுவது மூடத்தனம், அரிசியில் உள்ள ஜீவசத்தையெல்லாம் சாக்கடைக்குத் தானம் செய்துவிட்டு, பிறகு டாக்டரிடம் போய் பலவீனம் என்று நிற்கிறோம்" என்று ஆவேசமாகப் பேசினேன். எல்லோரும் கை தட்டினீர்கள். கூட்டம் முடிந்த பிறகு, வயல் வேலை செய்யும் ஒரு அம்மா என்னிடம் வந்து, "அண்ணே, எங்க வீட்டுல கஞ்சியைக் கொட்டுறதில்லை. சோத்தை அவரும் பிள்ளைகளும் சாப்பிடுவாங்க, கஞ்சியை நான் உப்புப் போட்டுக் குடிப்பேன். அப்போ சத்தெல்லாம் எனக்குத்தானா?" என்று கேட்டார். நான் பெரிய மேதாவி போல, "ஆமாம் அம்மா, உங்களுக்குத்தான் லாபம்" என்று சொல்லி அனுப்பினேன்.

வீட்டுக்குப் போன பிறகு என் மனம் ஒப்பவில்லை. கஞ்சியில் சத்து இறங்குகிறது என்றால், சத்து மட்டுமேதான் இறங்குமா? அரிசியில் வேறு என்ன இருக்கிறது? இதை யோசிக்காமல் பேசிவிட்டோமே என்று தோன்றிற்று. பள்ளிக்கூட உபாத்தியாயரான ஒரு நண்பரிடம் கேட்டேன். அவர் சில ஆராய்ச்சிக் கட்டுரைகளைப் படித்து எனக்குத் தமிழில் விளங்கச் சொன்னார். அதன் பிறகுதான் நான் பாதி உண்மையை மட்டும் பேசியிருக்கிறேன் என்று தெரிந்தது. பாதி உண்மையை முழு உண்மையாகப் பேசுகிறவனுக்கும் புராணப் பிரசங்கிக்கும் என்ன வித்தியாசம்? ஆகவே மற்றப் பாதியையும் சொல்லுவதற்காகவே இன்று வந்திருக்கிறேன்.

கோழி கற்பித்த பாடம்

முதற்பாதியை, அதாவது நான் போன வருஷம் சொன்னதில் சரியாக இருந்ததை, முதலில் சொல்லிவிடுகிறேன். ஜாவாத் தீவில் அன்று டச்சுக்காரர் ஆட்சி. அங்கே பெரிபெரி என்ற நோயால் சிப்பாய்களும் கைதிகளும் கால் வீங்கி, நரம்பு தளர்ந்து, நெஞ்சடைத்துச் செத்துக்கொண்டிருந்தார்கள். பலரும் அது ஏதோ கிருமியால் வருகிறது என்று நினைத்தார்கள். ஐக்மன் என்ற டச்சு டாக்டர் பட்டேவியா நகரத்து ஆஸ்பத்திரியில் கிருமியைத் தேடிக்கொண்டிருந்தார். அவர் வளர்த்த கோழிகளுக்கே அதே மாதிரி நோய் கண்டது. திடீரென்று ஒரு நாள் அவை தாமாகவே குணமடைந்தன. என்ன காரணம் என்று விசாரித்தால், ஆஸ்பத்திரிச் சமையலறையிலிருந்து தீட்டிய வெள்ளை அரிசிச் சோற்றை மிச்சம் பிடித்துக் கோழிகளுக்குப் போட்டு வந்திருக்கிறார்கள். புதிதாக வந்த சமையற்காரன், "பட்டாளத்து அரிசியைச் சிவில் கோழிக்குப் போட முடியாது" என்று நிறுத்திவிட்டான். பிறகு தீட்டாத மலிவு அரிசி போடவே கோழிகள் எழுந்து நடந்தன!

தோழர்களே! ஒரு சமையற்காரனுடைய அதிகாரப் பிடிவாதத்தால் உலகத்துக்கு ஒரு பெரிய உண்மை கிடைத்தது. அதிலும் பார்க்க வேண்டியது, அந்த டாக்டர் "இது ஆண்டவன் கிருபை" என்று சொல்லிக் கையைக் கட்டிக்கொண்டு உட்காரவில்லை. ஏன் குணமாயிற்று என்று கேட்டார். அந்த ஒரு "ஏன்" என்பதுதான் 1929-இல் அவருக்கு நோபல் பரிசை வாங்கிக் கொடுத்தது. பிறகு வோர்டர்மன் என்ற மற்றொருவர் ஜாவாவில் 100-க்கு மேற்பட்ட சிறைச்சாலைகளைக் கணக்கெடுத்து 1897-இல் வெளியிட்டார். தீட்டிய அரிசி தின்ற கைதிகளில் ஏறக்குறைய 39 பேருக்கு ஒருவர் பெரிபெரிக்காரர். தீட்டாத அரிசி தின்றவர்களில் 10,000 பேருக்கு ஒருவர்தான். தவிட்டோடு போய்விட்ட அந்தப் பொருள்தான் தயமின் என்ற B1 ஜீவசத்து. 1936-இல் அதன் அமைப்பைக் கண்டு ஆராய்ச்சிச்சாலையிலேயே செய்து காட்டிய ராபர்ட் வில்லியம்ஸ் என்பவர் எங்கே பிறந்தவர் தெரியுமா? அன்றைய சென்னை மாகாணத்து நெல்லூரில், 1886-இல்!

பச்சரிசி உயர்வா, புழுங்கலரிசி உயர்வா?

இதில் நம் நாட்டு ஆசாரத்துக்கு விழுந்த அடி ஒன்றும் இருக்கிறது. நம் நாட்டில் அரிசிக்கும் சாதி உண்டு. படையலுக்கும் ஓமத்துக்கும் அட்சதைக்கும் பச்சரிசிதான் வேண்டும். புழுங்கலரிசி ஒரு தடவை வெந்துவிட்டதாம், ஆகையால் அது சுத்தக் குறைவாம், சாமி ஏற்றுக்கொள்ளாதாம். பாடுபடுகிறவன் தின்னும் அரிசி மட்டம், அவன் பாட்டில் தின்கிறவன் அரிசி உயர்ந்தது!

நல்லது, உண்மை என்ன? நெல்லை ஊற வைத்து அவிக்கும்போது உமிக்குக் கீழே தவிட்டிலுள்ள B1 ஜீவசத்து கரைந்து அரிசிக்கு உள்ளே இறங்கிவிடுகிறது. பிறகு ஆலையில் தீட்டினாலும் அதில் கணிசமான பங்கு அரிசியிலேயே தங்கிவிடுகிறது. கழுவும்போதும் பச்சரிசியில் போகிற அளவு போவதில்லை. சென்னை மாகாணத்தில் பெரிபெரி எங்கே குடிகொண்டிருந்தது என்றால், ஆலையில் தீட்டிய பச்சரிசியைத் தின்ற வடசர்க்கார் ஜில்லாக்களில். புழுங்கலரிசி தின்ற நம் பக்கத்தில் அது அபூர்வம். குன்னூரில் இருந்த உணவு ஆராய்ச்சிச்சாலையின் தலைவர் அய்க்ராய்டும் அவருடன் வேலை செய்தவர்களும் இதை ஆராய்ந்து 1940-இல் புத்தகமாகவே வெளியிட்டார்கள். ஆக, சாமி வேண்டாமென்று தள்ளிய அரிசி மனிதனைக் காப்பாற்றிற்று. சாமிக்கு உகந்த அரிசி மனிதனை முடமாக்கிற்று. இதைக் கேட்டு நீங்கள் கை தட்டுகிறீர்கள். சற்றுப் பொறுங்கள். கை தட்டும்போதுதான் மனிதன் ஏமாறுகிறான். போன வருஷம் நானே ஏமாந்தேன்.

வங்காளத்துக் கிணறுகள்

இனி மற்றப் பாதி. ஆர்சனிக் என்று ஒரு பொருள். நம் ஊரில் பாஷாணம் என்றால் உங்களுக்குத் தெரியும். எலிக்கு வைப்பது, சண்டையில் "பாஷாணத்தைத் தின்று சாவேன்" என்று மிரட்டுவது, அந்த வெள்ளைப் பாஷாணம் ஆர்சனிக்கின் ஒரு வடிவம்தான். மண்ணிலும் பாறையிலும் இயற்கையாகவே இது கலந்திருக்கிறது. அதிகமாகச் சேர்ந்தால் உடனே கொல்லும். மிகச் சொற்பமாக வருஷக்கணக்கில் உள்ளே போனால் மெல்லக் கொல்லும். உள்ளங்கையும் உள்ளங்காலும் தடித்துச் சொறசொறப்பாகும். உடம்பில் புள்ளி விழும். பிறகு தோலிலும் நுரையீரலிலும் மூத்திரப்பையிலும் புற்றுநோய் வரும்.

வங்காளத்தில் நடந்ததைக் கேளுங்கள். குளத்துத் தண்ணீரைக் குடித்துக் காலராவிலும் வயிற்றுப்போக்கிலும் குழந்தைகள் சாகின்றனவே என்று, 1970-க்குப் பிறகு பங்களாதேசத்தில் இலட்சக்கணக்கான குழாய்க் கிணறுகள் போட்டார்கள். நல்ல எண்ணத்தோடு செய்த காரியம். தண்ணீர் கண்ணாடி மாதிரி இருந்தது. ருசியாக இருந்தது. ஆனால் இமயமலையிலிருந்து ஆறுகள் அடித்துக்கொண்டு வந்து சேர்த்த மண்ணுக்கடியில் ஆர்சனிக் இருந்தது. அதற்கு நிறமில்லை, வாசனையில்லை, ருசியில்லை. 1983-இல் கல்கத்தாவில் சாஹா என்ற தோல் வைத்தியர், மேற்கு வங்காளக் கிராமத்திலிருந்து வந்த நோயாளிகளின் உடம்பைப் பார்த்து, இது தண்ணீரிலுள்ள ஆர்சனிக்கால் வந்தது என்று கண்டார். பங்களாதேசத்தில் 1993-இல் கண்டுபிடிக்கப்பட்டது. அந்நாட்டில் மூன்றரைக் கோடியிலிருந்து ஏழு கோடியே எழுபது இலட்சம் மக்கள் வரையில் ஆபத்தில் இருப்பதாக 2000-இல் உலகச் சுகாதார ஸ்தாபனத்தின் பத்திரிகையில் எழுதினார்கள். சரித்திரத்திலேயே இவ்வளவு பெரிய ஜனத்தொகை விஷமூட்டப்பட்டதில்லை என்றும் எழுதினார்கள். பிறகு சுமார் 50 இலட்சம் கிணறுகளைச் சோதித்து, கெட்டதற்குச் சிவப்பும் நல்லதற்குப் பச்சையும் அடித்தார்கள்.

அதற்கு முன்னே அந்த ஜனங்கள் என்ன நினைத்தார்கள்? கைகால் தடித்தவர்களைப் பார்த்து, "சாபம்" என்றார்கள். "தொழுநோய், ஒட்டிக்கொள்ளும்" என்றார்கள். பெண்களைப் புருஷன்மார் தள்ளிவைத்தார்கள். அந்த வீட்டில் பெண் எடுக்க மறுத்தார்கள். குழாயில் இருந்த விஷத்துக்குப் பெண்ணின் பாவத்தைக் காரணம் சொன்னார்கள்! கிணற்றுக்குச் சிவப்புச் சாயம் அடிக்கத் தெரியாத வரையில் பெண்ணின் நெற்றியில் பழியை எழுதினார்கள். இதுதான் அறியாமை செய்யும் வேலை. விஷம் ஒரு தடவை கொல்லுகிறது; மூடநம்பிக்கை செத்துக்கொண்டிருப்பவளை இரண்டாந்தடவை கொல்லுகிறது.

நெல்லுக்குள் எப்படி வந்தது?

"அது தண்ணீர்ச் சங்கதி, அரிசிக்கு என்ன?" என்று கேட்பீர்கள். மற்றத் தானியங்களைவிட நெல் ஆர்சனிக்கை அதிகமாக ஏற்கிறது. ஏன்? வயலில் தண்ணீர் கட்டி வைக்கிறோம். சேற்றுக்குக் காற்றுப் போவதில்லை. காற்றுள்ள மண்ணில் ஆர்சனிக் இரும்புத் துருவோடு ஒட்டிக்கொண்டு கிடக்கும். காற்றற்ற சேற்றில் அந்தப் பிடி விட்டுப்போய்த் தண்ணீரில் கரைந்துவிடும். நெற்பயிருக்கு மணலின் சத்தான சிலிக்கா நிறைய வேண்டும்; உமி சொறசொறப்பாக இருப்பது அதனால்தான். கரைந்த ஆர்சனிக் சிலிக்காவைப் போலவே இருப்பதால், வேரானது ஏமாந்து அதையும் உள்ளே விட்டுவிடுகிறது. இந்த வழியை 2008-இல் ஆராய்ச்சியாளர்கள் கண்டு சொன்னார்கள். நம் விவசாயிகள் சொல்லும் காய்ச்சலும் பாய்ச்சலும், அதாவது வயலை இடையிடையே காயவிட்டுத் தண்ணீர் பாய்ச்சும் முறை, ஆர்சனிக்கைக் குறைக்கும். ஆனால் சில மண்ணில் அப்படிச் செய்தால் காட்மியம் என்ற வேறொரு விஷம் கூடிவிடும். ஆகவே அதிலும் மண்ணைப் பார்த்துச் செய்ய வேண்டும்.

வயலில் புகுந்த ஆர்சனிக் அரிசியில் எங்கே அதிகம் தங்குகிறது? தவிட்டில்! ஜீவசத்து எங்கே இருக்கிறது என்று சொன்னேன்? அதுவும் தவிட்டில்! சர்வதேச உணவுக் கமிஷனான கோடெக்ஸ் 2014-இல் தீட்டிய அரிசிக்கு, கிலோவுக்கு 0.2 மில்லிகிராமுக்குமேல் கெட்ட வகை ஆர்சனிக் இருக்கக் கூடாது என்று வரம்பு கட்டிற்று. 2016-இல் தீட்டாத அரிசிக்கு 0.35 வரையில் விட்டது. தீட்டாததில் கூடுதலாக இருக்கும் என்பது அந்தக் கணக்கிலேயே தெரிகிறது. ஆகையால் இப்போது சிலர், "இயற்கை, இயற்கை" என்று புதிதாக ஒரு கடவுளைக் கொண்டுவந்து, கைக்குத்தல் அரிசி என்றால் கண்ணை மூடிக்கொண்டு தின்னலாம் என்கிறார்களே, அவர்களிடமும் நான் கேட்கிறேன்: B1 ஜீவசத்தைத் தவிட்டில் வைத்ததும் இயற்கைதான், பாஷாணத்தைத் தவிட்டில் வைத்ததும் இயற்கைதான். எந்த இயற்கைக்குக் கும்பிடு போடுகிறீர்கள்? கைக்குத்தல் அரிசி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கண்ணை மூட வேண்டாம் என்றுதான் சொல்லுகிறேன்.

அக்கினி சுத்தம் செய்யுமா?

"எதுவானாலும் நெருப்பில் கொதித்தால் சுத்தமாகிவிடும்" என்று ஒரு நம்பிக்கை. கிருமிக்கு அது சரி. கிருமி உயிருள்ளது, கொதித்தால் சாகும். ஆர்சனிக் ஒரு மூலப்பொருள். அதற்கு உயிருமில்லை, சாவுமில்லை. தண்ணீரைக் கொதிக்க வைத்தால் தண்ணீர் ஆவியாகும். ஆர்சனிக் பாத்திரத்திலேயே இருக்கும். ஆகவே சுண்டச் சுண்ட விஷம் கெட்டிப்படுமே தவிரக் குறையாது.

ஒரு கணக்குப் போடுவோம். குடிதண்ணீரில் லிட்டருக்கு 10 மைக்ரோகிராம்தான் இருக்கலாம் என்பது உலகச் சுகாதார ஸ்தாபனத்தின் வரம்பு. மைக்ரோகிராம் என்றால் ஒரு கிராமைப் பத்து லட்சமாகப் பங்கிட்டதில் ஒரு பங்கு. பங்களாதேசச் சர்க்கார் 50 வரையில் அனுமதிக்கிறது. அந்த 50 உள்ள தண்ணீரில் 2 லிட்டர் எடுத்து, ஒரு கிலோ அரிசியை வடிக்காமல் வேக வைத்தால், அந்தத் தண்ணீரிலிருந்தே 100 மைக்ரோகிராம் சோற்றில் ஏறுகிறது. கோடெக்ஸ் வரம்பு கிலோ அரிசிக்கு 200 மைக்ரோகிராம். அரிசி சுத்தமாக இருந்தாலும், தண்ணீர் மட்டுமே பாதி வரம்பைக் கொண்டுவந்து விடுகிறது! அங்கே நெல்லைப் புழுக்குவதும் அதே தண்ணீரில் என்றால், அங்கேயும் ஏறுகிறது. இதற்கு எந்த மந்திரம் உதவும்? தண்ணீரைச் சோதிப்பது ஒன்றுதான் உதவும்.

வடித்தால் எது போகிறது?

தண்ணீர் நல்லதாக இருந்தால் என்ன ஆகும் என்பதையும் சோதித்திருக்கிறார்கள். 2006-இல் வங்காளத்து ஆராய்ச்சியாளர்கள், நம் பாட்டிமார் செய்கிற மாதிரியே, அரிசியைத் தண்ணீர் தெளியும் வரையில் கழுவி, ஒரு பங்கு அரிசிக்கு ஆறு பங்கு தண்ணீர் வைத்து வேக வைத்து, கஞ்சியை வடித்துப் பார்த்தார்கள். அரிசியிலிருந்த ஆர்சனிக்கில் நூற்றுக்கு 57 பங்கு வரையில் போய்விட்டது. கழுவி மட்டும் வைத்து, தண்ணீரைச் சுண்டவிட்டு வேக வைத்தபோது 28 பங்குதான் போயிற்று. பிரிட்டனில் 2009-இல் செய்த சோதனையில் கழுவுவதால் பாஸ்மதியில் சுமார் 10 பங்குதான் போயிற்று. ஆறு பங்கு தண்ணீரில் வடித்தபோது கெட்ட வகை ஆர்சனிக்கில் 45 பங்கு போயிற்று. அரிசிக்கு அரிசி கணக்கு மாறுகிறது. வடித்தால் குறைகிறது என்பது மட்டும் மாறவில்லை.

அமெரிக்காவில் உணவு மருந்து இலாகாவினர் 2016-இல் வெளியிட்ட கணக்கில்தான் நம் சண்டையின் இரண்டு பக்கமும் ஒன்றாகத் தெரிகிறது. ஒரு பங்கு அரிசிக்கு ஆறிலிருந்து பத்துப் பங்கு வரையில் தண்ணீர் வைத்து வடித்தார்கள். கெட்ட வகை ஆர்சனிக், தீட்டிய அரிசியில் 40 பங்கும், தீட்டாததில் 50 பங்கும், புழுங்கலில் 60 பங்கும் குறைந்தது. அதே நேரத்தில், அந்நாட்டில் தீட்டிய அரிசிக்கும் புழுங்கலரிசிக்கும் மேலே சேர்த்து விற்கிற இரும்பு, போலேட், நயசின், தயமின் ஆகிய சத்துக்களில் 50 முதல் 70 பங்கு வரையில் கஞ்சியோடு போய்விட்டது.

பார்த்தீர்களா தோழர்களே! தண்ணீருக்கு நல்லது கெட்டது தெரியாது. கரைவதைக் கரைத்துக்கொண்டு போகும். சத்தை வைத்துவிட்டு விஷத்தை மட்டும் எடுத்துப் போ என்று சொல்ல அது பக்தனுமல்ல, நாம் பகவானுமல்ல.

ரிஷிகள் கண்ட முறையா?

அந்த 57 பங்கு என்ற கணக்கை வைத்துக்கொண்டு, நாளைக்கே ஒருவர் கிளம்புவார்: "பார்த்தாயா, நம் முன்னோர்கள் ஞான திருஷ்டியால் இதை அறிந்துதான் வடிக்கச் சொன்னார்கள், சாஸ்திரத்தில் எல்லாம் இருக்கிறது" என்பார். நான் கேட்கிறேன்: விஷத்தை அறிந்துதான் வடித்தார்கள் என்றால், சத்து போவதை அறியாமல் போனதேன்? அறிந்துதான் செய்தார்கள் என்றால், அதே முன்னோர்கள் சத்துக் குறைந்த பச்சரிசியை உயர்ந்தது என்று வைத்தது எந்த ஞானம்?

உண்மை சாதாரணமானது. விறகடுப்பில் மண்பானை வைத்துச் சமைக்கிற பெண், தீயை இன்ன அளவு என்று திருக முடியாது. தண்ணீரை நிறைய வைத்து, வெந்ததும் வடித்தால் சோறு அடிப்பிடிக்காது, பொலபொலவென்று இருக்கும், கஞ்சி ஒரு வேளைப் பசிக்கும், மாட்டுக்கும், துணிக்கும் ஆகும். இது அடுப்புக்கு முன்னால் புகையில் நின்ற பெண்களின் அனுபவம். அந்தப் பெருமையை அவளுக்குக் கொடுப்போம். அடுப்பங்கரைப் பக்கம் எட்டிப் பார்க்காத ரிஷிக்கு ஏன் கொடுக்க வேண்டும்? குக்கர் வந்தபின் பல வீடுகளில் வடிப்பது நின்றுவிட்டது. சத்து தங்கிற்று, அரிசியிலுள்ள ஆர்சனிக்கும் தங்கிற்று. பழையது என்பதாலும் ஒன்று சரியாகிவிடாது. புதியது என்பதாலும் ஆகிவிடாது.

அப்படியானால் என்ன செய்வது?

இவ்வளவும் சொல்லிவிட்டு, பயமுறுத்தி வீட்டுக்கு அனுப்ப நான் வரவில்லை. பயத்தை விற்றுப் பிழைப்பது கோயில் வாசல்காரர்கள் தொழில். செய்ய வேண்டியதை ஒழுங்காகச் சொல்லுகிறேன்.

முதலாவது, தண்ணீர். நம் நாட்டில் இந்தத் துன்பம் கொடுமையாக இருப்பது மேற்கு வங்காளம், பீகார், உத்தரப்பிரதேசம் முதலிய கங்கைச் சமவெளியில். நம் பக்கத்துத் தர்மபுரியில் தண்ணீருக்குள்ள குற்றம் ப்ளோரைடு. அது வேறு வியாதி. ஆனாலும் ஆழ்குழாய் போடுகிற எந்த ஊரும், தண்ணீர் தெளிவாக இருக்கிறது என்று திருப்தியடையாமல், தண்ணீர்ச் சோதனைச்சாலைக்கு அனுப்பிக் கணக்கைக் கேட்க வேண்டும். குழாய்க்கு மாலை போட்டுச் சூடம் கொளுத்துகிற செலவில் ஒரு பங்கை இதற்குச் செலவிடலாம்.

இரண்டாவது, சமைக்கும் முறை. இங்கிலாந்தில் ஷெபீல்டு சர்வகலாசாலையார் 2021-இல் ஒரு நடுவழியைச் சோதித்துச் சொன்னார்கள். ஒரு டம்ளர் அரிசிக்கு 4 டம்ளர் தண்ணீரை முதலில் நன்றாகக் கொதிக்க வையுங்கள். கொதித்த பிறகு அரிசியைப் போட்டு 5 நிமிஷம் மட்டும் வேகவிட்டு, அந்தத் தண்ணீரை வடித்துவிடுங்கள். பிறகு 2 டம்ளர் புதுத் தண்ணீர் விட்டு, மூடி, சிறு தீயில் தண்ணீர் முழுவதும் உறிஞ்சும் வரையில் வேகவிடுங்கள். இம்முறையில் வெள்ளை அரிசியில் நூற்றுக்கு 73 பங்கும், தீட்டாத அரிசியில் 54 பங்கும் கெட்ட வகை ஆர்சனிக் போயிற்று. சத்தும் பெரும்பாலும் தங்கிற்று. இதில் யாகமுமில்லை, பெரிய செலவுமில்லை. கூட ஒரு தடவை வடிக்கிற வேலைதான். அந்த வேலையை வீட்டு ஆண்பிள்ளை செய்தால் கை தேய்ந்துவிடாது.

மூன்றாவது, ஒரே தானியத்தில் உயிரை வைக்காதீர்கள். கேழ்வரகு, கம்பு, சோளம் எல்லாம் தண்ணீர் தேங்காத நிலத்தில் விளைபவை. பொதுவாக நெல்லளவு ஆர்சனிக்கை ஏற்பதில்லை. இவற்றைத்தான் நாம் "ஏழை தின்பது" என்று கேவலமாக வைத்து, கொஞ்சம் பணம் வந்ததும் மூன்று வேளையும் வெள்ளைச் சோறு என்று போனோம். முக்கியமாகக் கைக்குழந்தைக்கு முதலில் ஊட்டுவது அரிசிக் கஞ்சி மட்டுமாக இருக்கக் கூடாது. குழந்தை உடம்பு சிறிது. அதன் எடைக்குத் தக்கபடி பார்த்தால் அது தின்னும் அளவு பெரிது. அதனால்தான் ஐரோப்பாவில் குழந்தைகளுக்கான அரிசிக்கு மட்டும் கிலோவுக்கு 0.1 மில்லிகிராம் என்று பாதி வரம்பாகக் குறைத்து வைத்தார்கள்.

நான்காவது, வதந்தியை நம்பாதீர்கள். 2022-இல் தொடங்கி ரேஷன் அரிசியில் இரும்பு, போலிக் ஆசிட், B12 சேர்த்த மணிகளைக் கலந்து கொடுத்தபோது, பல ஊரில் அதைப் "பிளாஸ்டிக் அரிசி" என்று பொறுக்கி எறிந்தார்கள். கண்ணுக்குத் தெரியாத விஷத்துக்குக் கவலைப்படாதவர்கள், கண்ணுக்குத் தெரிந்த சத்தைக் கண்டு பயந்தார்கள்.

கஞ்சி யாருக்கு?

கடைசியாக, அந்த அம்மாவுக்கு நான் சொல்ல வேண்டிய பதில். 1943-இல் வங்காளப் பஞ்சத்தில், கல்கத்தாத் தெருக்களில் ஜனங்கள் சோறு கேட்கவில்லை. சோறு கேட்டால் கிடைக்காது என்று தெரிந்து, வீடு வீடாகப் போய்க் கஞ்சித் தண்ணீர் கொடுங்கள் என்றே கதறினார்கள். சோறு ஒருவருக்கு, கஞ்சி ஒருவருக்கு என்று இந்த நாடு பங்கு பிரித்தது நேற்று இன்றல்ல. பண்ணையில் சோறு மேலே, கஞ்சி கீழே; வீட்டிலோ சோறு ஆணுக்கு, கஞ்சி பெண்ணுக்கு. வடித்த தண்ணீரில் இறங்கியது சத்தானாலும் விஷமானாலும், அது யார் வயிற்றுக்குப் போகிறது என்பதைப் பானை தீர்மானிக்கவில்லை, நாம் தீர்மானித்தோம்.

ஆகையால், அம்மா, நீங்கள் இந்தக் கூட்டத்தில் இருந்தால் கேளுங்கள். "லாபம் உங்களுக்குத்தான்" என்று நான் சொன்னது தப்பு. நம் ஊர்த் தண்ணீர் நல்லதாக இருக்கும் வரையில் எப்போதோ ஒரு வாய் கஞ்சி குடிப்பதால் பயமொன்றுமில்லை. ஆனால் தினமும் கஞ்சி உங்களுக்கும் சோறு மற்றவர்களுக்கும் என்றால், சோற்றிலிருந்து இறங்கிய விஷத்தில் பெரும்பங்கு உங்களுக்கு வருகிறது. வயிறு நிறைக்கும் சோறும் பருப்பும் உங்களுக்கு வருவதில்லை. கஞ்சியை வைத்து உங்களைத் திருப்திப்படுத்தியது போதும். பானையில் உள்ளது எல்லோருக்கும் சமமாக வரட்டும். உங்கள் வீட்டுக்காரர் இங்கே உட்கார்ந்திருந்தால், அவருக்கும் இதைத்தான் சொல்லுகிறேன்.

தோழர்களே! போன வருஷம் நான் சொன்னதை இந்த வருஷம் நானே மறுத்துப் பேசியதற்காக என்னைக் கேலி செய்பவர்கள் செய்யலாம். வேதம் மாறாது என்பது அவர்கள் பெருமை. கணக்குத் தப்பென்று தெரிந்தால் மாற்றிக்கொள்வோம் என்பது நம் பெருமை. நாளைக்கு இதைவிடச் சரியான கணக்கு யாராவது கொண்டுவந்தால், அடுத்த வருஷம் இதே பந்தலில் நின்று அதையும் சொல்லுவேன். இன்று வீட்டுக்குப் போனதும் ஒரு காரியம் மட்டும் செய்யுங்கள். சோற்றுப் பானைக்கு முன்னால் நின்று, இந்தத் தண்ணீர் எங்கிருந்து வந்தது, இந்தக் கஞ்சி யாருக்குப் போகிறது என்ற இரண்டு கேள்விகளைக் கேளுங்கள்.